வலிக்காத இடுப்புக்குத்தான் அவசரம்

கேள்வி: என் தம்பிக்கு 37 வயது. நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறான். ஒன்றரை வருடமாக வலது தொடை இடுக்கிலும் முழங்காலிலும் வலி. டிஸ்க் விலகியிருக்கிறது என்று சொல்லி ஒரு வருடம் முதுகுக்கு வைத்தியம் நடந்தது. அதற்கு முன்பே உடம்பு வலிக்காக ஒருவரிடம் சூரணம் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டான்; இரண்டு வருடமாகிறது, இன்னும் நிறுத்தவில்லை. அதைச் சாப்பிட்டால் வலி சட்டென்று நிற்கும், பசியும் நன்றாக எடுக்கும், முகமும் பூசினாற்போல் ஆகிவிட்டது. இப்போது எம்ஆர்ஐ எடுத்ததில் இரண்டு இடுப்பிலும் ‘ஏவிஎன்’ என்று வந்திருக்கிறது. வலது மூன்றாம் நிலை, இடது இரண்டாம் நிலை. இடது பக்கம் வலியே இல்லை. இரண்டையும் அடுத்த வாரமே மாற்றிவிடலாம் என்கிறார்கள். ஸ்கேன் சென்டரில் அறிமுகமான ஒருவர் ஆறு லட்சத்துக்குப் பேசி முடித்துத் தருவதாகச் சொல்லி 50,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். வீட்டை அடகு வைக்கலாமா? - ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் மருத்துவத்துக்கு வரமுடியும்.

தொடை எலும்பின் உச்சியில் பந்து போல ஒரு தலை இருக்கிறது. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் சுழல்கிறது. அந்தப் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மெல்லியவை, மாற்றுவழியும் குறைவு. அவை அடைபட்டால் பந்தின் ஒரு பகுதி எலும்பு செத்துப்போகும். இதைத்தான் ஏவிஎன், அதாவது அவாஸ்குலர் நெக்ரோசிஸ் என்கிறோம். செத்த எலும்பு உடனே உடைவதில்லை. கரையான் அரித்த நிலைப்படி மாதிரி வெளித்தோற்றம் அப்படியே நிற்கும். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் உடம்புப் பாரத்தைத் தாங்கித் தாங்கி, ஒரு கட்டத்தில் பந்தின் மேற்புறம் உள்வாங்கிவிடும். உள்வாங்குவதற்கு முன்பு ஒன்றாம், இரண்டாம் நிலை. உள்வாங்கிவிட்டால் மூன்றாம் நிலை. அதன்பிறகு கிண்ணமும் தேய்ந்தால் நான்காம் நிலை. நீங்கள் கேட்ட கேள்விக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

உங்கள் தம்பியின் வலது பந்து உள்வாங்கிவிட்டது. நசுங்கிய பந்தை மாத்திரையாலோ ஊசியாலோ திரும்ப உருண்டையாக்க முடியாது. அந்தப் பக்கம் மூட்டு மாற்று அறுவை தேவைப்படும் என்று சொன்னதில் தவறில்லை. ஆனால் ‘அடுத்த வாரமே’ என்பது எதற்கு? ஏற்கெனவே நசுங்கிவிட்ட பந்து ஒன்றிரண்டு மாதம் காத்திருப்பதால் பெரிதாக ஒன்றும் இழந்துவிடாது. கைத்தடியையோ ஊன்றுகோலையோ வலது கையில் பிடிக்காமல், இடது கையில் பிடித்து நடக்கச் சொல்லுங்கள். வலிக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடித்தால்தான் மூட்டின் மேல் விழும் பாரம் குறையும். லாரி ஓட்டுவதை நிறுத்தட்டும்.

அவசரம் இடது பக்கத்துக்குத்தான். வலிக்கவில்லை என்பதால் எல்லோரும் அதை விட்டுவிடுகிறார்கள், அல்லது இங்கே நடப்பதுபோல ‘அதையும் சேர்த்தே மாற்றிவிடலாம்’ என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. இடது பந்து இன்னும் உருண்டையாகத்தான் இருக்கிறது. அதைக் காப்பாற்றப் பார்க்க வேண்டிய காலம் இது. இந்தக் காலம் கடந்தால் திரும்ப வராது. செத்த பகுதி சிறியதாக இருந்தால் மருந்தோடும் கட்டுப்பாட்டோடும் சில மாதங்களுக்கு ஒருமுறை படம் எடுத்துக் கண்காணிப்பார்கள். நடுத்தர அளவென்றால், தொடையின் பக்கவாட்டிலிருந்து எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கும் ‘கோர் டிகம்ப்ரஷன்’ என்ற சிறிய அறுவையைச் செய்யலாம். ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம், பிறகு சுமார் ஆறு வாரம் அந்தக் காலில் முழு பாரம் வைக்கக்கூடாது. இது எல்லோருக்கும் பலித்துவிடும் என்று உறுதி தரமாட்டேன். ஆனால் 37 வயதில் சொந்த மூட்டைச் சில வருடங்கள் தள்ளிக்கொண்டுபோக முடிந்தாலே அது லாபம். ஆகவே மருத்துவரிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: “இடது பந்தில் எவ்வளவு பகுதி செத்திருக்கிறது, அதைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?” இந்தக் கேள்விக்குப் படத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதவரிடம் அறுவைக்குத் தேதி வாங்காதீர்கள்.

இப்போது அந்தச் சூரணம். சட்டென்று வலி நிற்கிறது, பசி எடுக்கிறது, முகம் பூசினாற்போல் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு ஸ்டீராய்டு சந்தேகம்தான் முதலில் வரும். டெக்ஸாமெத்தசோன் போன்ற மலிவான மாத்திரையைப் பொடித்து ‘மூலிகை’ என்று விற்பது நம் ஊர்களில் புதிதல்ல. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. ஆனாலும் பெட்டிக்கடை மிட்டாய் போலக் கிடைக்கிறது. அதிகாரிகள் அவ்வப்போது ஓரிடத்தில் சோதனை போட்டுப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பதோடு சரி. பேர் இல்லாத, சேர்மானம் எழுதாத, உரிம எண் இல்லாத பொட்டலத்தில் வரும் எந்தப் பொடியையும் வலிக்குச் சாப்பிடாதீர்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர் எழுதித் தரும் மருந்தை நான் சொல்லவில்லை. பொட்டலத்தைச் சொல்கிறேன். ஏவிஎன் வருவதற்கு ஸ்டீராய்டும் மதுவும் முக்கியமான இரண்டு காரணங்கள். தம்பிக்குக் குடிப்பழக்கம் இருந்தால் அதையும் அடியோடு விடவேண்டும், புகையும் வேண்டாம்.

ஆனால் இதைப் படித்த கையோடு அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். நம் உடம்பு தினமும் தானே கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டைச் சுரக்கிறது. வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று வெளியிலிருந்து வருவதும் நின்றால், உடம்பில் இரண்டும் இல்லாமல் போகும். வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் விழுதல், மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதிலும் ஜுரமோ, விபத்தோ, அறுவையோ வந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இரண்டு வருடம் சாப்பிட்ட உங்கள் தம்பிக்கு இது வெறும் பேச்சல்ல. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பொது மருத்துவரிடமோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ இந்த வாரமே போங்கள். காலை எட்டு மணி வாக்கில் கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். தேவைப்பட்டால் அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பார்கள். அறுவை எங்கே நடந்தாலும், மயக்க மருத்துவரிடம் “இவன் இரண்டு வருடம் இந்தப் பொடியைச் சாப்பிட்டான்” என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். ‘அடுத்த வாரமே’ என்று அவசரப்படுத்தியவர்கள் இதைக் கேட்டார்களா? கேட்டிருக்கமாட்டார்கள் என்றுதான் உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தோன்றுகிறது.

அதேபோல, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுப்பவர்கள், சிறுநீரக நோய்க்கோ, எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் லூப்பஸ் நோய்க்கோ மருத்துவர் எழுதிக் கொடுத்து ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் இந்தப் பதிலைப் படித்து மருந்தை நிறுத்தக்கூடாது. மீண்டும் சொல்கிறேன், நிறுத்தக்கூடாது. இன்ஹேலரில் ரத்தத்தில் கலக்கும் அளவு மிகக் குறைவு. லூப்பஸ் நோயாளிக்கு அந்த மருந்துதான் சிறுநீரகத்தைக் காக்கிறது. அவர்களுக்குத் தொடை இடுக்கில் வலி வந்தால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே போய்ச் சொல்லவேண்டும். அளவை மாற்றுவதும் படம் எடுப்பதும் அவர் முடிவு. நானோ, பக்கத்து வீட்டுக்காரரோ, வாட்ஸ்அப்பில் வந்த செய்தியோ அதை முடிவு செய்யக்கூடாது.

முதுகுக்கு ஒரு வருடம் வைத்தியம் நடந்ததைப் பற்றி எனக்கு வருத்தம் அதிகம், ஏனென்றால் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. முதுகை எம்ஆர்ஐ எடுத்தால் நடுத்தர வயதில் பலருக்கு டிஸ்க் கொஞ்சம் பிதுங்கித்தான் தெரியும். அதையே காரணமென்று எழுதிவிடுகிறார்கள். இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் வரும், முழங்கால் வரைக்கும் இறங்கும். சம்மணம் போட முடியாது, குந்த முடியாது, செருப்பு மாட்டக் கால் வராது. நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் மடங்கியபடி பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். தொடை இடுக்கில் சுரீரென்றால் இடுப்பைப் படம் எடுக்கவேண்டும். அரை நிமிடப் பரிசோதனை இது. கூட்டத்தில் அந்த அரை நிமிடமும் கிடைப்பதில்லை. எண்ணெய் போட்டு இழுத்துக் கட்டுவதும் இந்த நோய்க்கு உதவாது; செத்த எலும்பு ‘விலகிய’ எலும்பு அல்ல.

பணத்துக்கு வருகிறேன். உங்கள் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இடுப்பு மூட்டு மாற்று அறுவையும் அதில் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போனால் அட்டை தருவார்கள். இதற்குக் கட்டணம் இல்லை. ‘கார்டு போட்டுத் தருகிறேன்’ என்று ஆயிரம், இரண்டாயிரம் வாங்குகிறவர்கள் ஆட்சியர் அலுவலக வாசலிலேயே நிற்பார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போங்கள். அட்டையை ஏற்றுக்கொண்ட மருத்துவமனை, ‘இம்ப்ளான்டுக்கு (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டுக்கு) மட்டும் வித்தியாசத் தொகை’ என்று தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். ஒப்புதல் வர நாளாகும், ஒரு கையெழுத்துக்காக நாலு முறை அலையவிடுவார்கள், ‘திட்டத்துப் படுக்கை காலியில்லை’ என்பார்கள். எனக்கும் இதில் எரிச்சல் உண்டு. காப்பீடு இருந்தும் ஒரு கூலித் தொழிலாளி நாலு நாள் சம்பளத்தை இழந்தால்தான் அது கைக்கு வருகிறது. இருந்தாலும் வீட்டை அடகு வைப்பதைவிட அலைவது மேல். சேலம், கோவை, மதுரை, சென்னை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு மூட்டுத் துறை இருக்கிறது. முதலில் சேலத்துக்குப் படங்களோடு போய்க் காட்டுங்கள். படங்களையும் அறிக்கைகளையும் தரமாட்டோம் என்று யாராவது சொன்னால், எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்குத் தரவேண்டும் என்பது விதி.

அந்த ஸ்கேன் சென்டர் மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளியை அனுப்புவதற்கு மருத்துவர் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளில் தடை செய்யப்பட்டவை. அந்த மனிதரின் பங்கு அந்த ஆறு லட்சத்துக்குள்தான் இருக்கும். இரண்டு மூட்டாகப் பேசினால் பங்கும் பெரிது. இடது பக்கத்தையும் சேர்த்துப் பேசியதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று சந்தேகிக்க எனக்கு உரிமை உண்டு.

வலது மூட்டை மாற்றும்போது ‘இம்போர்ட்டட்’, ‘முப்பது வருட கேரண்டி’, ‘ரோபோ’ என்று மூன்று சொற்கள் காதில் விழும். மூட்டுக்கு யாரும் கேரண்டி தரமுடியாது. ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்று அறுவைப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஆய்வில், மாற்றிய இடுப்பு மூட்டுகளில் 100-க்கு 58 மட்டும்தான் 25 ஆண்டு தாக்குப்பிடித்தன. வயதானவர்களையும் சேர்த்த கணக்கு அது. 37 வயதில் பொருத்தினால் வாழ்நாளில் இன்னொரு முறை மாற்றவேண்டி வரும் என்று நினைத்துக்கொள்வதுதான் நேர்மை. இடது பக்கத்தை அவசரப்பட்டு மாற்றவேண்டாம் என்று நான் இத்தனை தூரம் சொல்வதும் இதனால்தான். ரோபோ, பொருத்தும் கோணத்தைத் துல்லியமாக்க உதவும் கருவி. அதனால் மூட்டு கூடுதல் வருடம் உழைக்கும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. மத்திய அரசு 2017 ஆகஸ்ட்டில் முழங்கால் மூட்டு உபகரணங்களுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. அந்த அறிவிப்பில் இடுப்பை ஏன் விட்டார்களோ, எனக்குப் புரியவில்லை. விலையில் விளையாட இடம் கொடுத்தது அதுதான். ஆகவே உபகரணத்தின் பெயரையும் விலையையும் அறுவைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

உபகரணப் பெட்டியில் வரும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். 2010-இல் டெபுய் நிறுவனம் ஏஎஸ்ஆர் என்ற உலோக இடுப்பு மூட்டை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. உலோகத்தோடு உலோகம் உரசி, துகள் உடம்பில் கலந்ததுதான் சிக்கல். இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்ட பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அந்த ஸ்டிக்கரில் உள்ள எண் இல்லாமல் யாரும் உங்களைத் தேடி வரமுடியாது.

அறுவைக்குப் பிறகு குந்துவதும் சம்மணமும் கூடாது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். வீட்டில் மேற்கத்திய கழிப்பறைக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். தேதி குறிப்பதற்கு முன் தம்பியின் பல்லை ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ் பிடித்த சொத்தைப் பல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யவேண்டும், அங்கிருந்து கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டுக்குப் போகக்கூடும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், இரண்டு வருட ஸ்டீராய்டு அதையும் ஏற்றியிருக்க வாய்ப்பு உண்டு.