இயக்கியதும் வன்தட்டைக் காணவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் மடிக்கணினியை இயக்கினால், கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' (தொடங்குவதற்கான தட்டு இல்லை) என்று மட்டும் வருகிறது. விண்டோஸை மறுபடியும் நிறுவினால் சரியாகிவிடுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம்; நிறுவினால் உங்கள் கோப்புகள் அழிந்துபோகக்கூடும். கணினியை அணைத்து, மீண்டும் இயக்கியவுடன் எஃப் 2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்து (சில மாடல்களில் எஃப் 10 அல்லது டெலிட்) பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) நுழைந்து, வன்தட்டின் (ஹார்ட் டிஸ்க்) பெயரோ மாடல் எண்ணோ அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், பூட் வரிசை (எந்தத் தட்டிலிருந்து முதலில் தொடங்குவது என்ற வரிசை) மாறியிருக்கலாம், அல்லது விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் பழுதாகியிருக்கலாம். தெரியாவிட்டால் கோளாறு பெரும்பாலும் தட்டிலோ அதன் இணைப்பிலோ இருக்கும். விண்டோஸைத் தொட்டுப் பயனில்லை.

கேள்வி: பயாஸிலும் தெரியவில்லை. தட்டு போய்விட்டது என்று முடிவு செய்துவிடலாமா?

பதில்: கூடாது. பல மாடல்களில் வன்தட்டு ஒரு மெல்லிய பட்டைக் கேபிள் வழியாகத்தான் மதர்போர்டுடன் (கணினியின் முதன்மைச் சர்க்யூட் பலகை) இணைகிறது. அது மடிந்தோ தளர்ந்தோ போனால், நல்ல தட்டும் காணாமல் போனதாகவே காட்டும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி.–சாட்டா கேபிள் (வன்தட்டை யூ.எஸ்.பி. துளையில் இணைக்கும் கேபிள்) மூலம் வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். இரண்டரை அங்குலத் தட்டுக்கு 5 வோல்ட் போதும் என்பதால் தனி மின்சாரம் பெரும்பாலும் தேவைப்படாது. அங்கே திறந்தால், முதலில் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு, பிறகு கேபிளை மாற்றுங்கள். கேபிளைப் பார்க்காமலேயே புதுத் தட்டு விற்கும் கடைக்காரர்களும் உண்டு.

கேள்வி: என் தட்டு 'டிக், டிக்' என்று ஒலிக்கிறது. குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் வேலை செய்யும் என்கிறார்களே?

பதில்: செய்யவே செய்யாதீர்கள். சீரான இடைவெளியில் வரும் அந்த ஒலி, படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும். முனை சேதமடைந்திருந்தால், உள்ளே நிமிடத்துக்குப் பெரும்பாலும் 5400 முறை சுழலும் வட்டின் மேற்பரப்பை அது கீறக்கூடும்; இயக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு கூடும். உறைபகுதியிலிருந்து எடுத்தால் உள்ளே ஈரம் படிந்து நிலைமை இன்னும் மோசமாகும். அதே மாடலின் சர்க்யூட் பலகையை மாற்றிப் போடுவதும் இக்காலத் தட்டுகளில் பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு தட்டுக்கும் உரிய அளவீட்டுத் தகவல்கள் அதன் பலகையிலுள்ள சிப்பில் பதிந்திருக்கின்றன. கோப்புகள் முக்கியம் என்றால் உடனே அணைத்துவிட்டு, தூசியற்ற அறை வசதியுள்ள மீட்பு நிலையத்திடம் கொடுங்கள். முக்கியம் இல்லையென்றால் புதிய எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத சேமிப்புத் தட்டு) வாங்குவதே மலிவு.

கேள்வி: புது மடிக்கணினியின் பயாஸில் எஸ்.எஸ்.டி. தெரிகிறது, விண்டோஸ் நிறுவும்போது மட்டும் பட்டியல் காலியாக இருக்கிறது.

பதில்: செயலி இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால், எஸ்.எஸ்.டி.யை நிர்வகிக்கும் வி.எம்.டி. என்ற இன்டெல் அமைப்பே காரணமாக இருக்கலாம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவரை (அந்த அமைப்பின் வழியே தட்டை விண்டோஸுக்குக் காட்டும் மென்பொருள்) இறக்கி, பென் டிரைவில் விரித்து வைத்து, நிறுவும்போது 'லோட் டிரைவர்' மூலம் காட்டுங்கள். பயாஸில் வி.எம்.டி.யை அணைத்தாலும் தட்டு தெரியும். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் நிறுவியிருக்கும் கணினியில் அணைத்தால், அது தொடங்காமல் போகலாம்.

கேள்வி: சில நாள் தட்டு தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை, தேதியும் பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது.

பதில்: தேதி பின்னோக்கிப் போவது, மதர்போர்டிலுள்ள சிறிய 3 வோல்ட் பேட்டரி தீர்ந்ததைக் காட்டுகிறது. அது தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் அழிந்து, சாட்டா முறையும் (கணினி தட்டோடு தொடர்புகொள்ளும் விதம்) பூட் வரிசையும் மாறிவிடக்கூடும். முதலில் அதை மாற்றி, அமைப்புகளைச் சரிசெய்து பாருங்கள். அதற்குப் பிறகும் விட்டுவிட்டுத் தெரிந்தால், மேலே சொன்ன கேபிளைக் கவனியுங்கள்.