இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவிலிருந்து கடலோர ஊரான செஃபலூவை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? எதை முதலில் பார்ப்பது?

முடியும். எட்டு மணி நேரம் தாராளம். ஆனால் வரிசை தப்பினால் உச்சிவெயிலில் ஊரை ஒட்டி நிற்கும் பாறை ஏறி, இறங்கி வரும்போது தேவாலயம் மதிய இடைவேளைக்குப் பூட்டிக் கிடக்கலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பாறை முதலில், தேவாலயம் அடுத்து, மற்றதெல்லாம் பிறகு.

பலெர்மோ சென்ட்ராலே நிலையத்தில் மெசினா பக்கம் போகும் ரெஜியோனாலே, அதாவது வட்டார ரயிலைப் பிடியுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம், கட்டணம் 10 யூரோவுக்குள். முன்பதிவு வேண்டாம். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நிலையத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து நேரம் பதிக்க வேண்டும். அந்த டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கானது அல்ல. முத்திரை இல்லாவிட்டால் அதையே மறுபடி பயன்படுத்தலாம் என்பதால், காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அபராதம்தான். செயலியில் வாங்கினால் செக்-இன் அழுத்த மறக்காதீர்கள். வாடகைக் காரில் போகவே வேண்டாம். பழைய ஊருக்குள் வெளியார் வண்டிக்குக் கட்டுப்பாடு உண்டு; தெரியாமல் நுழைந்தால் அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

நிலையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடையில் கரிபால்டி சதுக்கம். அதன் அருகிலிருந்து பிரியும் சந்துதான் லா ரோக்கா பாறைக்கு வழி. உயரம் சுமார் 270 மீட்டர். தலை போல் நிற்கும் இந்தப் பாறையால்தான் கிரேக்கர்கள் ஊருக்குக் கெஃபலோய்டியோன் என்று பெயரிட்டார்கள். கெஃபலே என்றால் தலை. பாறை ஊருக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் ஏறுபாதையில் நிழல் கிடைக்கும். சீட்டுக்குச் சில்லறை யூரோ வைத்திருங்கள். அரைமணியில் டயானா கோயில்: பிரம்மாண்டக் கற்களை அடுக்கிய சுவர்கள், பக்கத்தில் அதைவிடப் பழைய நீர்த்தொட்டி. உச்சியிலுள்ள கோட்டை இடிபாட்டுக்கு இன்னும் அரைமணி. நேரம் குறைவென்றால் கோயிலோடு திரும்பலாம். ஊரின் ஓட்டுக்கூரைகள் மேலே நின்று பார்ப்பதைவிட அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். படிகளெல்லாம் சுண்ணாம்புக்கல், காலடி பட்டுப் பட்டு வழவழப்பானவை. ரப்பர் செருப்பில் ஏறிவிடலாம், இறங்கும்போதுதான் வழுக்கும். மழையென்றால் வாயிலையே மூடிவிடுவார்கள்.

பதினொன்றுக்குள் இறங்கித் தேவாலயத்துக்குள் போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கடற்கரை உடையில் போனால் வாசலோடு சரி. இரண்டாம் ரோஜர் மன்னன் 1131இல் தொடங்கிய கட்டடம். தன்னை இங்கேயே அடக்கம் செய்ய வேண்டுமென்று ஊதாக்கல் சவப்பேழைகள் இரண்டு கொண்டுவந்து வைத்தான். பேரன் இரண்டாம் ஃப்ரெடரிக் அவற்றைப் பலெர்மோவுக்குத் தூக்கிப் போய்விட்டான். தாத்தாவின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

பலெர்மோ அருகிலுள்ள மொன்ரியாலே தேவாலயம் போலச் சுவரெல்லாம் தங்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே. இங்கே மொசைக் பலிபீடப் பக்கத்தில் மட்டும்தான். ஆனால் அங்குள்ள கிறிஸ்து முகத்துக்கு ஈடு சிசிலியில் வேறில்லை என்பது என் முடிவு. 1148ஆம் ஆண்டைக் குறிக்கும் மொசைக் வாசகம் கீழே இருக்கிறது. நெற்றியில் தப்பி விழுந்த இரண்டு முடிக்கற்றைகளைக் கவனியுங்கள். கையிலுள்ள நூலில் 'நானே உலகின் ஒளி' என்ற வாசகம் ஒரு பக்கம் கிரேக்கத்தில், மறுபக்கம் இலத்தீனில். சின்ன பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள்.

மதியச் சாப்பாட்டில் சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'அரன்சினா அல் புர்ரோ', அதாவது வெண்ணெய் போட்டுப் பொரித்த சோற்று உருண்டை என்று எழுதியிருப்பதில் பன்றியிறைச்சி இருக்கும். ஊரின் சிறப்பான 'பாஸ்தா அ தையானு' கத்தரிக்காய் போட்டதுதான், ஆனால் இறைச்சியும் சேரும். கத்தரிக்காய், தக்காளி, பாலாடைக்கட்டியோடு வரும் 'பாஸ்தா அல்லா நோர்மா' பிழைக்கவைக்கும். பில்லில் 'கோபெர்தோ' என்று இருப்பது ஆளுக்கு இவ்வளவு என்கிற மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல.

வெயில் ஏறியதும் மந்த்ராலிஸ்கா அருங்காட்சியகம். அந்தோனெல்லோ தா மெசினா வரைந்த ஓர் ஆணின் முகம்; சுமார் ஓர் அடி உயரம்தான். அந்த ஏளனப் புன்னகை பொறுக்காமல் ஒரு பெண் கீறிவிட்டாள் என்று கதை சொல்வார்கள். மீன் விற்பவரும் வாங்குபவரும் வரைந்த கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்க ஜாடியையும் விடாதீர்கள்.

பிறகு பழைய சலவைத்துறை, இலவசம். படியிறங்கினால் 22 துவாரங்களிலிருந்து கல்தொட்டிகளில் நீர் கொட்டும், அவற்றில் 15 சிங்க முகங்கள். செஃபலினோ ஆறு 'வெள்ளியினும் தூயது, பனியினும் குளிர்ந்தது' என்று நுழைவாயிலில் பொறித்திருக்கிறார்கள். ஈரப்படியில் பாசி உண்டு.

மாலையில் தேவாலயச் சதுக்கத்துக்குத் திரும்புங்கள். முகப்பு மேற்கு நோக்கியது, அந்த நேரத்தில்தான் கல் தேன் நிறமாகும். இரட்டைக் கோபுரங்களின் கூர்முடிகள் ஒன்று போலிருக்காது: ஒன்று நாற்கோணம், மற்றது எண்கோணம். சூரியன் சாய்வதைப் பார்க்கப் பழைய துறைமுகத்தின் பெஸ்காரா வாசல். மணல் கடற்கரை அதற்கு அந்தப் பக்கம். குடை, நாற்காலி வரிசைகளுக்குக் காசு, 'ஸ்பியாஜா லீபெரா' எழுதிய இடத்தில் துண்டு விரித்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 6 மீட்பர் திருவிழா. நம் ஊர் வழுக்குமரம் போலவே, ஆனால் கடல்மேல் கிடைவாட்டில் நீட்டிய சவர்க்காரம் பூசிய மரத்தில் ஓடிக் கொடியைப் பிடிக்கும் போட்டி நடக்கும். அன்றைக்குப் போவதானால் ரயிலில் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும்.