ஏரியில் எறிந்த எழுத்துகள்

அன்புள்ள ஐயா,

கனடாவின் பத்திரிகையாளர் வில்லியம் லயன் மெக்கென்சியைப் பற்றிப் படித்தேன். 1826இல் எதிரிகள் அச்சகத்தைச் சூறையாடியிராவிட்டால் அவர் கடனில் மூழ்கியிருப்பார். 625 பவுண்ட் இழப்பீடு அவருக்கு அடித்த அதிர்ஷ்டம்தானே? பேரன் பிரதமரானதும் தாத்தாவின் ரத்தத்தால்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பேரனை விடுங்கள். தாத்தா 1861இல் இறந்தார், பேரன் மெக்கென்சி கிங் பிறந்தது 1874இல். ரத்தத்தில் அரசியலைத் தேடுவது வீண் வேலை.

ஆனால் அதிர்ஷ்டம் என்கிறீர்களே, ஒரு அச்சகம் எப்படி ஓடும் என்று கொஞ்சமாவது யோசித்தீர்களா? ஒவ்வொரு எழுத்தும் ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்து வார்த்த தனித்துண்டு. எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அதைக் கேஸ் என்ற அறைகள் கொண்ட தட்டிலிருந்து பொறுக்கி, ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் வரியாகக் கோப்பார். வரிகளைப் பக்கமாக அடுக்கி, இரும்புச் சட்டத்துக்குள் ஆப்பு வைத்து இறுக்கினால் அதுதான் அச்சேறும் 'பாரம்'. அச்சானதும் அதே எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போட்டால்தான் அடுத்த இதழ். ஆங்கிலத்தில் 'e' எழுத்து தீர்ந்துவிட்டால் மற்ற அறைகள் நிறைந்திருந்தும் வேலை நின்றுவிடும்.

ஜூன் 8, பட்டப்பகல். யார்க் நகரில், அதாவது இன்றைய டொராண்டோவில், பதினைந்து பேர்வரை அச்சகத்தில் புகுந்தார்கள். தெருப்பொறுக்கிகள் அல்ல, அதிகார வட்டத்து இளைஞர்கள். கோத்த பாரங்களைக் கலைத்தார்கள், எழுத்துகளை ஒன்டாரியோ ஏரியில் கொட்டினார்கள். மாஜிஸ்டிரேட்டுகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அச்சு இயந்திரம் உடைந்தால் தச்சரும் கொல்லரும் சீர்செய்வார்கள். கலந்துபோன எழுத்தை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும், ஏரிக்குள் போனது போனதுதான்.

அந்த 625 பவுண்ட் வானத்திலிருந்து விழவில்லை. அரசு அந்த இளைஞர்கள்மேல் குற்றவழக்குப் போடவில்லை. மெக்கென்சியே சிவில் வழக்குத் தொடுத்தார், ஜூரி அந்தத் தொகையைத் தீர்ப்பளித்தது.

கடன் இருந்தது உண்மை. கடன்காரர்களுக்குப் பயந்து அன்று அவர் ஊரிலேயே இல்லை. ஏன் கடன்? சந்தாதாரர்கள் தூரத்துப் பண்ணைகளில் சிதறிக் கிடந்தார்கள், பணம் வர மாதங்கள் ஆகும். தபால் கட்டணத்தையோ பத்திரிகைக்காரரே முன்கூட்டிக் கட்ட வேண்டும். வரவு பின்னால், செலவு முன்னால். எத்தனை திறமைசாலியும் இதில் விழுவார். இழப்பீட்டை அவர் ஏப்பம் விடவில்லை, கடனை அடைத்துப் பத்திரிகையை நிமிர்த்தினார். 1828இல் மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1831 முதல் சபை அவரைத் திரும்பத் திரும்ப வெளியேற்றியது, வாக்காளர்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் பேனா அந்த அதிகார வட்டத்துக் குடும்பப் பெண்களைக்கூட விட்டுவைக்கவில்லை, அதை நான் மன்னிக்க மாட்டேன். அதற்கு அவதூறு வழக்கு இருக்கிறது, எழுத்தை ஏரியில் கொட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. அரசுக்கு எதிராக அவர் நடத்திய 1837 கலகம் வேறு கதை. அதை இதோடு போட்டுக் குழப்பாதீர்கள், தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.