சித்தப்பாவுக்கு எந்த பாட்டில்?

கேள்வி: நான் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறேன். அப்பா இல்லாத என்னைப் படிக்க வைத்தவர் லால்குடியில் இருக்கும் என் சித்தப்பா. ஜனவரியில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். சனிக்கிழமை இரவில் மொட்டை மாடியில் சோடா கலந்து இரண்டு பெக் சாப்பிடுவார். மற்ற நாட்களில் தொடமாட்டார். ஸ்காட்லாந்தில் இருந்துகொண்டு அவருக்கு ஒரு நல்ல விஸ்கி வாங்கிப் போகாவிட்டால் எப்படி? எனக்கோ குடிப்பழக்கம் இல்லை. 60 பவுண்டு வரை செலவழிக்கலாம். 18 வருட விஸ்கியாக வாங்கு என்கிறான் நண்பன். ஐலா தீவு விஸ்கிதான் உசத்தி என்கிறார் அலுவலகத்தில் ஒருவர். எதை வாங்குவது? சித்தி கோபித்துக்கொள்வாரோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, கடைக்குப் போவதற்கு முன்னால் சித்திக்கு ஃபோன் செய்யுங்கள். சித்தப்பா இன்னும் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அறுபதை எட்டும்போது சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சேர்ந்திருக்கும். டாக்டர் சொல்லி அவர் சத்தமில்லாமல் நிறுத்தியிருந்தால், உங்கள் பாட்டில் அந்த மனிதரைப் படுத்தி எடுத்துவிடும். அப்படியானால் நல்ல கம்பளி ஸ்வெட்டரோடு போய்ச் சேருங்கள். "அதெல்லாம் சனிக்கிழமை தவறுவதில்லை" என்று சித்தி அலுத்துக்கொண்டால் மேலே படியுங்கள். நீங்கள் ஏன் கேட்டீர்கள் என்பது அந்த நொடியே அவருக்குப் புரிந்துவிடும். ஒளித்து மறைக்கிற வேலை மிச்சம்.

நண்பர் சொன்ன 18 வருடத்தை மறந்துவிடுங்கள். பெரும்பாலும் அது உங்கள் 60 பவுண்டைத் தாண்டிவிடும். லேபிளில் இருக்கும் எண், உள்ளே கலந்திருக்கும் விஸ்கிகளில் இளையது மரப்பீப்பாயில் இருந்த வருடங்களைத்தான் குறிக்கிறது. ஸ்காட்ச் என்று பெயர் வைக்க ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் இருந்தாக வேண்டும். 12 வருடம் என்பதே நல்ல முதிர்ச்சி. கண்ணாடிக்குள் வந்துவிட்டால் அதற்கு வயது ஏறாது. இது தெரியாமல் என் பெரியப்பா, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு 12 வருட பாட்டிலைப் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் இருபது வருடம் படுக்கப்போட்டு வைத்திருந்தார். 32 வருட விஸ்கி தயாராகிறது என்று கணக்கு. மகள் கல்யாணம் முடிந்த இரவு திறந்தால், சாராயத்தில் ஊறி நைந்த கார்க் பாதி கையோடு வந்தது, மீதி உள்ளே உதிர்ந்தது. பெரியம்மாவின் டீ வடிகட்டியில் வடித்துத்தான் குடித்தார்கள். ஒயினைப் படுக்க வைக்கலாம், விஸ்கி பாட்டில் நின்றபடி இருக்க வேண்டும் என்பதைச் சித்தப்பாவிடமும் சொல்லிவையுங்கள்.

ஐலா விவகாரத்துக்கு வருகிறேன். அந்தத் தீவில் பல வடிசாலைகள், முளைகட்டிய பார்லியை பீட் என்கிற சதுப்பு நிலத்து மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் உலர்த்துகின்றன. புகை வாசம் கடைசிச் சொட்டு வரை விடாது. பழகியவர்களுக்கு அது அமிர்தம். பழகாதவர் முதல் வாயிலேயே "என்னடா, டிஞ்சர் மாதிரி இருக்கிறது" என்பார். நம் ஊர்க் கடைகளில் விற்கும் விஸ்கிகளில் கணிசமானவை கரும்புச் சக்கைப்பாகிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டவை. அந்த மென்மைக்குப் பழகிய நாக்கில் திடீரென்று புகையைப் பூச வேண்டாம். அலுவலக நண்பர் தன் நாக்குக்குப் பிடித்ததைச் சொல்கிறார். அவர் லால்குடி மொட்டை மாடிக்கு வரப்போவதில்லை.

என் தேர்வு உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. கிளாஸ்கோவை ஒட்டிய கிளைட்பேங்க் பகுதியில் ஆக்கன்டாஷன் என்றொரு வடிசாலை உண்டு. ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் இரண்டு முறை வடிப்பார்கள், இங்கே மூன்று முறை. அதனால் இலேசாக, உறுத்தாமல் இறங்கும், புகை இல்லை. அவர்களுடைய 12 வருட சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்தது) உங்கள் தொகைக்குள் அடங்கும். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அந்தப் பெயருக்கு "வயல்வெளியின் மூலை" என்று பொருள் சொல்கிறார்கள். காவிரிப் பாசனத்து மனிதருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் ரசிப்பார். "நான் இருக்கும் ஊரிலேயே வடித்தது சித்தப்பா" என்று நீங்கள் சொல்லலாம், அவரும் நண்பர்களிடம் பத்து முறை சொல்வார். விமான நிலையத்துப் பளபளப்பான டப்பாவில் இந்தச் சுகம் கிடைக்காது. ஆக்கன்டாஷன் கிடைக்கவில்லை என்றால் கிளென்லிவெட் 12 அல்லது கிளென்ஃபிடிச் 12. இரண்டும் பழ வாசனையோடு சாதுவானவை.

சோடா கலப்பவருக்கு எதற்கு சிங்கிள் மால்ட் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர் பாட்டில், அவர் சோடா. முதல் பெக்கை மட்டும் ஐஸ் இல்லாமல், இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் பாடம் எடுக்காதீர்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வித்தியாசமாக இருக்கட்டும் என்று அங்கிருந்து அம்ருத் வாங்கிவிடாதீர்கள். அருமையான விஸ்கிதான், 2004-இல் கிளாஸ்கோவில்தான் அதை அறிமுகப்படுத்தினார்கள். ஆனால் பெங்களூரில் வடித்ததை ஸ்காட்லாந்து போய்த் தூக்கிவந்தவன் என்று ஊர் சிரிக்கும்.

பயணத்துக்கு: இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். அங்கே வழக்கமான பாட்டில் 700 மில்லி. இரண்டு கொண்டுவரலாம், மூன்று என்றால் 100 மில்லி எல்லை தாண்டும். இரண்டாவது எதற்கு என்று கேட்காதீர்கள், சித்தப்பாவுக்கு நண்பர்கள் இருப்பார்கள். கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள். மூடியின் மேல் டேப் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, நடுவில் துணிகளுக்குள் புதையுங்கள். கல்யாணப் பட்டுச் சட்டை மட்டும் அந்தப் பெட்டியில் வேண்டாம்.

கொடுக்கும் இடமும் முக்கியம். ஹோமப் புகை அடங்காத கூடத்தில், ஆசீர்வாதம் வாங்கும் வரிசையில் நின்று நீட்டிவிடாதீர்கள். விசேஷம் முடிந்து உறவுக் கூட்டம் கலைந்த பிறகு வரும் சனிக்கிழமை, மாடியில் கொடுங்கள். படியேறுவதற்கு முன்னால் சித்திக்கு வாங்கிவந்த ஸ்காட்லாந்துக் கம்பளிச் சால்வையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். வேர்க்கடலை வறுத்துத் தரப்போவது அவர்தான்.