ஈஸ்ட்டை நஞ்சுக்குப் பழக்குவது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

வைக்கோல், கரும்புச் சக்கை போன்றவற்றிலிருந்து எத்தனால் எடுக்கும்போது ஈஸ்ட்டை முடக்கிப்போடும் நச்சுப் பொருட்கள் பற்றி வாசகர்கள் கேட்டவை இங்கே.

கரும்புச் சக்கையை நீர்த்த கந்தக அமிலத்தில் வேகவைத்து எடுத்த கரைசலில் ஈஸ்ட் போட்டால் இரண்டு நாள் அசைவே இல்லை. மூன்றாம் நாள் திடீரென்று நுரைக்கிறது. ஈஸ்ட் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– முதுகலை மாணவி, கோவை

அவசரப்பட வேண்டாம். அமிலமும் சூடும் சேரும்போது சக்கையிலுள்ள சைலோஸ் என்ற சர்க்கரை ஃபர்ஃபியூரல் என்ற நஞ்சாக மாறுகிறது, குளுக்கோஸிலிருந்து எச்.எம்.எஃப். என்ற அதன் உறவுக்கார நஞ்சு வருகிறது. ஈஸ்ட் செல் ஃபர்ஃபியூரலை அதைவிட நஞ்சு குறைந்த ஃபர்ஃபியூரைல் ஆல்கஹாலாக மாற்றும். அந்த வேலை முடியும்வரை அது பெருகாது. நீங்கள் பார்த்த இரண்டு நாள் தேக்கம் அதுதான். மூன்றாம் நாள் நுரைத்தது பழைய ஈஸ்ட்டேதான், சுத்தமான கரைசலில். அதே ஈஸ்ட்டைப் புதுக் கரைசலில் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுபடி தேங்கும்.

அப்படியானால் நிரந்தரமாகத் தாங்கும் ஈஸ்ட்டை எப்படி உருவாக்குவது? அளவுகளோடு சொல்லுங்கள்.
– ஆய்வக உதவியாளர், திருச்சி

நஞ்சு கலந்த கரைசலில் வளர்த்து, கொஞ்சம் எடுத்துப் புதுக் கரைசலுக்கு மாற்றி, நஞ்சின் அளவை மெல்ல ஏற்றிக்கொண்டே போக வேண்டும்; தாங்கும் செல்கள் மற்றவற்றை முந்தும். முதலில் ஆறு குழாய்களில் லிட்டருக்கு 0, 0.5, 1, 1.5, 2, 3 கிராம் ஃபர்ஃபியூரல் வைத்து வளர்த்துப் பாருங்கள். வளர்ச்சி வேகம் ஏறக்குறைய பாதியாகும் அளவே உங்கள் தொடக்கப் புள்ளி. கொல்லும் அளவில் ஆரம்பித்தால் ஒன்றும் மிஞ்சாது. தொந்தரவே இல்லாத அளவில் ஆரம்பித்தால் தாங்கும் செல்லுக்கு மற்றவற்றை முந்த எந்தக் காரணமும் இருக்காது.

ஃபர்ஃபியூரலை ஊடகத்தோடு (ஈஸ்ட் வளரும் சத்துக் கரைசல்) சேர்த்து ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கலன்) வைக்காதீர்கள். ஆவியாகி அளவு மாறிவிடும். 5 கிராமை (அடர்த்தி 1.16 என்பதால் 4.3 மில்லி) நீரில் கரைத்து 100 மில்லியாக்கி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துப் பழுப்பு பாட்டிலில் வையுங்கள். கையுறையும் புகைபோக்கிப் பெட்டியும் கட்டாயம். இதில் 1 மில்லியை 50 மில்லி ஊடகத்தில் சேர்த்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம். குடுவையைச் சுழற்றும் ஷேக்கரில் பஞ்சடைப்பு வழியாகவும் ஆவி போகும். அதனால் ஈஸ்ட் இல்லாத ஒரு குடுவையையும் கூடவே சுழலவிட்டு, 277 நானோமீட்டரில் ஒளி உட்கவர்தலை அளந்து, எவ்வளவு போகிறது என்று பாருங்கள். இதைச் செய்யாமல் 'என் ஈஸ்ட் 3 கிராம் தாங்குகிறது' என்று எழுதினால், உண்மையில் தாங்கியது 2 கிராமாக இருக்கலாம்.

250 மில்லி குடுவையில் 50 மில்லி ஊடகம், 30 டிகிரி செல்சியஸ், நிமிடத்துக்கு 150 சுழற்சி. குறைந்தது மூன்று வரிசைகள் தனித்தனியாக ஓடட்டும். நான்காவது ஃபர்ஃபியூரல் இல்லாத ஒப்பீட்டு வரிசை. ஒவ்வொரு மாற்றலிலும் பழைய குடுவையிலிருந்து 0.5 மில்லி எடுத்துப் புதியதில் விடுங்கள். நூறில் ஒரு பங்கு என்றால் மீண்டும் நிரம்ப 6.6 தலைமுறை ஆகும். 30 மாற்றலில் சுமார் 200 தலைமுறை.

பலர் சறுக்குவது நேரத்தில். தினமும் காலை பத்து மணிக்கு மாற்றுவது வசதிதான். ஆனால் ஃபர்ஃபியூரல் நள்ளிரவிலேயே தீர்ந்து, மிச்ச நேரமெல்லாம் செல்கள் சாதாரணக் கரைசலில் கிடந்திருந்தால், நீங்கள் தேர்ந்தெடுப்பது பட்டினியைத் தாங்கும் ஈஸ்ட்டை. ஓ.டி. (செல்கள் பெருகப் பெருக ஏறும் கலங்கல் அளவு) பார்த்து, வேகமாகப் பெருகும் கட்டத்திலேயே மாற்றுங்கள். புதுக் குடுவையில் நிறைய ஈஸ்ட் விட்டாலும் இதே கதை: கூட்டம் சேர்ந்து நஞ்சைச் சீக்கிரம் காலி செய்துவிடும், திறமையில்லாத செல்லும் ஓசியில் பிழைக்கும். அதற்காக ஒரு துளியின் துளியாகக் குறைத்தால், அப்போதுதான் தோன்றிய நல்ல சடுதிமாற்றம் குடுவையிலேயே தங்கிவிடும். கோடிக்குக் குறையாமல் செல்கள் போக வேண்டும், ஓ.டி. 2-க்கு மேலிருந்தால் 0.5 மில்லியில் அது கிடைக்கும்.

மூன்று மாற்றல்களில் தேக்க நேரம் ஒரே மாதிரி இருந்தால் அளவை 10 முதல் 20 சதவீதம் ஏற்றுங்கள். 72 மணி நேரத்தில் எழவில்லையென்றால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். ஐந்து மாற்றலுக்கு ஒருமுறை சம அளவு 50 சதவீத கிளிசரால் சேர்த்து மைனஸ் 80-இல் வைத்திருந்தால்தான் திரும்ப முடியும். பாக்டீரியா புகுந்திருப்பது ஒரு வாரம் கழித்துத் தெரியவரும் நாளில் அந்தக் குப்பிகளின் அருமை புரியும்.

இருபதாவது மாற்றலுக்குப் பிறகு ஈஸ்ட் திரிதிரியாக அடியில் படிகிறது. ஓ.டி. தாறுமாறாக வருகிறது. கெட்டுவிட்டதா?
– வாசகர், ஈரோடு

கெடவில்லை, குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறது. குடுவையின் அடியிலிருந்து உறிஞ்சினால் கனத்துப் படியும் கட்டிகளையே ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கிறீர்கள். மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வேண்டுமென்றே செய்து, 60 நாளில் பனிச்செதில் போன்ற பலசெல் கொத்துகளை வளர்த்து 2012-இல் வெளியிட்டார்கள். உங்களுக்கு அது தேவையில்லை.

கொஞ்சம் எடுத்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ.வை 50 மில்லிமோலார் அளவில் சேர்த்துக் குலுக்குங்கள். பிரிந்தால், கால்சியத்தின் தயவில் ஒட்டிய செல்கள். பிரியாவிட்டால் தாய்ச் செல்லும் சேய்ச் செல்லும் அறுபடாமலே நிற்கின்றன. எதுவானாலும், மாற்றும் முன் குடுவையை மூன்று நிமிடம் அசையாமல் வைத்து மேல்பகுதியிலிருந்து எடுங்கள். முற்றிவிட்ட வரிசையானால் கட்டி இல்லாத பழைய குப்பிக்குப் போவதே மேல்.

அசிட்டிக் அமிலத்துக்கும் இதே முறைதானா?
– வாசகி, மதுரை

முறை அதே, கூடுதலாக பி.ஹெச். மீது ஒரு கண் வேண்டும். அயனிகளாகப் பிரியாத அசிட்டிக் அமிலம்தான் சவ்வைத் தாண்டி உள்ளே போய் செல்லை அமிலமாக்குகிறது. புரோட்டான்களை வெளியே தள்ளவே செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. கரைகிறது. இந்த அமிலத்தின் பி.கே.ஏ., அதாவது பாதி பிரிந்திருக்கும் பி.ஹெச்., 4.76. லிட்டருக்கு 5 கிராம் இருந்தால், பி.ஹெச். 5.5-இல் பிரியாதது சுமார் 0.8 கிராம், 4.5-இல் 3.2 கிராம். அம்மோனியம் சல்ஃபேட் ஊடகத்தில் ஈஸ்ட் வளர வளர பி.ஹெச். தானே இறங்கும். நீங்கள் அமில அளவை ஏற்றாமலே நஞ்சு நான்கு மடங்காகிவிடும். 50 மில்லிமோலார் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் (பி.ஹெச். மாறாமல் பிடித்துவைக்கும் உப்பு) போட்டு 5-இல் நிறுத்துங்கள்; மாற்றும்போதெல்லாம் அளந்து எழுதி வையுங்கள்.

கடைசியில் கிடைத்த ஈஸ்ட் உண்மையிலேயே மாறியதா என்று எப்படி அறிவது?
– முதுகலை மாணவர், சென்னை

குடுவையில் இருப்பது ஒரு ஈஸ்ட் அல்ல, ஒரு கும்பல். தட்டில் கோடிழுத்து இருபது காலனிகளையாவது தனித்தனியாகச் சோதியுங்கள். ஒவ்வொன்றையும் நஞ்சில்லாத ஊடகத்தில் மூன்று மாற்றல், அதாவது 20 தலைமுறை, வளர்த்துவிட்டு மறுபடி ஃபர்ஃபியூரலில் விடுங்கள். தாங்கும் திறன் அப்படியே இருந்தால் மாற்றம் மரபணுவில். இல்லாவிட்டால் தற்காலிகப் பழக்கம்.

அடுத்து, அசல் சக்கைக் கரைசலில், காற்றில்லாமல் நொதிக்கவைத்து எத்தனாலை அளக்க வேண்டும். 1 கிராம் குளுக்கோஸுக்குக் கோட்பாட்டளவில் 0.51 கிராம் எத்தனால். நன்றாக வளர்ந்தும் இதில் பின்தங்கும் காலனிகள் உண்டு. காற்றோட்டமான ஷேக்கரில் வளர்ச்சியை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுத்ததன் விளைவு அது. ஃபர்ஃபியூரலுக்கு மட்டும் பழகியது, சக்கையின் நாரை இறுக்கும் லிக்னினிலிருந்து வரும் ஃபீனால்களும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்திருக்கும் அசல் கரைசலில் படுத்துவிடவும் கூடும். எங்களைக் கேட்டால், பாதி தூரம் வந்ததுமே அசல் கரைசலை 10, 20, 30 சதவீதமாகக் கலந்து ஏற்றத் தொடங்கிவிடுவது நல்லது.

டிரைக்கோடெர்மா போன்ற இழைப் பூஞ்சைகளுக்கு?
– ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

ஓ.டி. உதவாது. நச்சு கலந்த அகார் தட்டின் நடுவில் வித்துகளை வைத்து, வேகமாகப் பரவும் விளிம்பிலிருந்து எடுத்து அடுத்த தட்டுக்கு மாற்றுங்கள். இழையில் பல உட்கருக்கள் உண்டு. ஒன்றில் வந்த மாற்றத்தை மற்றவை மறைத்துவிடலாம். அதனால் அவ்வப்போது ஒற்றை வித்திலிருந்து வளர்த்துப் பிரிக்க வேண்டும். குளுக்கோஸ் அகாரில் இதைச் செய்தால் செல்லுலோஸை உடைக்கும் செல்லுலேஸ் நொதி சுரப்பதை விட்டுவிட்ட சோம்பேறிதான் முந்தும். கரிமூலமாகச் செல்லுலோஸையே கொடுங்கள்.