மகள் தோட்டக்கலைதான் படிப்பேன் என்கிறாள்

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நல்ல மதிப்பெண். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கரில் செடிமுருங்கையும் கொஞ்சம் கத்தரியும் இருக்கிறது. 'பி.எஸ்சி. தோட்டக்கலைதான் படிப்பேன்' என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். 'நாம் வெயிலில் காய்ந்தது போதாதா, இவளும் படித்துவிட்டு மண்வெட்டி பிடிக்க வேண்டுமா?' என்கிறார் அவள் அப்பா. நர்சிங் அல்லது இன்ஜினீயரிங் சேர்க்கலாம் என்பது அவர் எண்ணம். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

சேர்த்துவிடுங்கள். கேட்டவுடன் இப்படிச் சொல்வதற்குக் காரணம், அவள் தோட்டத்திலேயே வளர்ந்த பெண் என்பதுதான். பூந்தொட்டி ஆசையில் இந்தப் படிப்புக்கு வருகிற பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். முதல் வருடத்திலேயே சிலர் திணறிப்போவார்கள். உங்கள் மகளுக்கு வெயிலும் தெரியும், சந்தையில் விலை இறங்குகிற நாளில் வீடு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். தெரிந்தும் கேட்கிறாள் என்றால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரரின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. தான் பட்ட பாட்டைப் பிள்ளையும் படக் கூடாது என்று நினைக்கிற தகப்பன் அவர். ஆனால் படித்தவர்கள் இந்தத் துறையில் என்ன செய்கிறார்கள் என்பதை அவர் தன் வயலிலேயே பார்க்கலாம். செடிமுருங்கையில் பெயர்பெற்ற பி.கே.எம்.1 ரகம், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் வெளியிட்டது. அதற்கு முன்னால் முருங்கை என்றாலே போத்து, அதாவது கிளையை வெட்டி நட்டு, மரமாகும்வரை காத்திருப்பதுதான். விதை ஊன்றி ஆறேழு மாதத்தில் காய் பறிக்கலாம், காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டு, மறுபடி துளிர்த்துக் காய்க்க மறுதாம்பு விடலாம் என்று ஆனது அந்த ரகத்தால். அங்கே வேலை பார்த்தவர்களும் வெயிலில் நின்றவர்கள்தான். அவர்கள் நின்றதால்தான் உங்களைப் போன்ற இரண்டு ஏக்கர்காரர்களுக்கு அது பணப்பயிராக ஆனது.

சரி, வேலைக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது அரசு வேலை. தோட்டக்கலைத் துறையில் தோட்டக்கலை அலுவலர் பணிக்கு இந்தப் பட்டம் தேவை, டி.என்.பி.எஸ்.சி. மூலம் எடுக்கிறார்கள். உதவி இயக்குநர் பதவிக்கு எம்.எஸ்சி. வேண்டும். ஆனால் அறிவிப்பு வருடா வருடம் வராது, வரும்போது போட்டி பலமாக இருக்கும். அதை மட்டும் நம்பிப் படிப்பு முடிந்து வீட்டில் காத்திருக்கக் கூடாது. வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலைக்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு எழுதலாம், தோட்டக்கலைப் பட்டமும் அதற்குச் செல்லும். மேலே படிக்கிற விருப்பம் இருந்தால் ஆராய்ச்சிக்குப் போகலாம். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும், பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன.

தனியாரில் விதை நிறுவனங்கள், வாழைக்கன்று தயாரிக்கிற திசு வளர்ப்புக் கூடங்கள், ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில் பூப்பண்ணைகள், சொட்டுநீர் நிறுவனங்கள், கட்டடங்களுக்குத் தோட்டம் அமைத்துத் தருகிறவர்கள் என்று வாய்ப்புகள் உண்டு. ஆரம்பச் சம்பளம் குறைவுதான், இதை மறைத்துப் பேச மாட்டேன். ஐ.டி.யில் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தோடு முதல் இரண்டு மூன்று வருடம் ஒப்பிடாதீர்கள்.

எனக்குப் பெரிய நம்பிக்கை நாற்றங்கால் தொழில்மேல். கத்தரி போடுகிற உங்களுக்கு வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் என்ன பாடு படுத்தும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்குச் சுண்டைச் செடியின்மேல் கத்தரியை ஒட்டுக் கட்டுகிற முறை இருக்கிறது. சுண்டை வேர் தாக்குப்பிடிக்கும், மேலே நம் கத்தரி காய்க்கும். கேட்க எளிது, செய்வதில்தான் இருக்கிறது சூட்சுமம். சுண்டை விதை முளைக்கத் தாமதமாகும் என்பதால் கத்தரிக்கு முன்பே அதைக் குழித்தட்டில், அதாவது சிறு குழிகள் உள்ள நாற்றுத் தட்டில், போட்டுவிட வேண்டும். ஒட்டுகிற நாளில் இரண்டு தண்டும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். சுண்டைத் தண்டை நறுக்கி நடுவில் பிளந்து, கத்தரித் தண்டின் அடியைப் பிளேடால் ஆப்பு மாதிரிச் சீவி, பிளவில் செருகிக் கிளிப் போட வேண்டும். சீவுகிற கை தயங்கினால் வெட்டு கோணலாகிவிடும், ஒட்டு பிடிக்காது. அப்புறம் ஒரு வாரம் வெளிச்சம் குறைந்த, ஈரக்காற்று நிறைந்த கூண்டுக்குள் வைத்து, மெல்ல மெல்ல வெளியே பழக்க வேண்டும். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். புதைந்துவிட்டால் கத்தரி தானே வேர்விடும், பட்ட பாடெல்லாம் வீண். ஒட்டுக்குக் கீழே சுண்டை துளிர்த்தால் உடனே கிள்ள வேண்டும்.

வகுப்பில் இதை ஒரு நாள் காட்டுவார்கள். கை பழக நூற்றுக்கணக்கில் கட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் மகளிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: நான்கு வருடத்தில் எல்லாப் பயிரையும் படிப்பாய், அது தேர்வுக்கு. கூடவே முருங்கையோ கத்தரியோ வாழையோ ஒரு பயிரைப் பிடித்துக்கொண்டு, விதை முதல் சந்தை வரை அதன் எல்லாக் கதையையும் கற்றுக்கொள். கிராமத் தங்கல் திட்டத்தில் விவசாயிகளோடு இருக்கப்போகும் மாதங்களைச் சான்றிதழுக்காக ஓட்டிவிடாதே. பட்டம் மட்டும் இருக்கிற பிள்ளையைவிட, ஒரு பயிரில் கைத்திறன் உள்ள பிள்ளையைத்தான் பண்ணைக்காரர்கள் தேடுவார்கள். நாளைக்குச் சொந்தமாக நாற்றங்கால் வைக்கவும் அதுவே முதலீடு. (வைத்தால் விதை உரிமம் எடுத்துத்தான் நாற்று விற்க வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை.)

பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊர் நாற்றங்கால்களில் குழித்தட்டு நிரப்புவதும் விதை ஊன்றுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். கூலிக்குச் செய்யும்போது ஒத்துவருகிற வேலை, அதிகாரியாகவோ முதலாளியாகவோ செய்யும்போது மட்டும் எப்படி ஒத்துவராமல் போகும்? திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் மகளிருக்கென்றே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது, தூரமும் அதிகமில்லை. கல்யாணத்துக்கு இடைஞ்சலாகும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சேர்க்கை கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வு வழியாக, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில். கோவை, பெரியகுளம், திருச்சி போன்ற இடங்களில் உள்ள பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகளை முதலில் கேளுங்கள். உங்களுக்குப் பெரியகுளம் பக்கம் என்பதோடு, பழம், காய்கறி ஆராய்ச்சி நடக்கிற வளாகத்திலேயே படிக்கலாம் என்பதும் வசதி. இணைப்புத் தனியார் கல்லூரிகளில் கட்டணம் கூடுதல். கலந்தாய்வுக்கு வெளியே நேரடியாகச் சேர்க்கிறோம் என்று யாராவது கூப்பிட்டால், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். மேற்படிப்புக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கும். இடம் கிடைக்காவிட்டால் இரண்டு வருட தோட்டக்கலை டிப்ளமோ இருக்கிறது, உதவித் தோட்டக்கலை அலுவலர் பணிக்கு அந்தப் படிப்பைத்தான் கேட்கிறார்கள்.

இந்த விடுமுறையிலேயே அவளை ரெட்டியார்சத்திரம் காய்கறி மகத்துவ மையத்துக்கு அழைத்துப் போங்கள். அவள் அப்பாவும் கூட வரட்டும். குழித்தட்டு நாற்றும் பசுமைக்குடிலும் அவருக்கே பிடித்துப்போகலாம். முடிந்தால் பக்கத்தில் ஒரு நாற்றங்காலில் சில வாரம் அவள் வேலை செய்து பார்க்கட்டும், அங்கே சலித்துப்போனால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஆறாம் வகுப்பிலிருந்தே அவள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இந்தப் படிப்புக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியில் இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள். பள்ளி மாறிப் படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டியிருக்கும், கடைசி நேரத்தில் அலைய முடியாது.