வாசகர் கேள்வி - பதில்: பழைய ஆர்கேட் ஷூட்டிங் ஆட்டங்கள்

கே: ஆர்கேட் (காசு போட்டு ஆடும் எந்திர) ஷூட்டிங் ஆட்டங்களின் தொகுப்பு ஒன்றை கன்சோலில் போட்டால், பெரிய டிவியின் நடுவே படம் ஒல்லியாக நிற்கிறது. திரை முழுக்க இழுத்துவிடலாமா?

ப: வேண்டாம். கேலகா, 1942 என்ற ஆட்டங்கள் எல்லாம் செங்குத்தாக நிறுத்திய திரைக்காகவே செய்தவை, விகிதம் 3:4. இழுத்தால் கப்பல் சப்பையாகும், பக்கவாட்டு வேகமும் இடைவெளியும் கண்ணை ஏமாற்றும். கேலகாவின் படம் 224×288 புள்ளிகள் (பிக்சல்). 1080 வரி டிவியில் சரியாக 3 மடங்கு வைத்தால் 672×864. மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு விழும், ஆனால் புள்ளிகள் ஒரே அளவில் கூர்மையாக இருக்கும். ஸ்கேன்லைன் ஃபில்டர் (பழைய டிவியின் கிடைக்கோடுகளைப் போலக் காட்டும் வசதி) போடுகிறவர்கள் இந்த முழு மடங்கிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். சுழலும் ஸ்டாண்டு உள்ள மானிட்டர் இருந்தால் அதைத் திருப்பி, மெனுவில் படத்தையும் 90 டிகிரி திருப்புங்கள். இந்த ஆட்டங்களுக்கு அதைவிட நல்ல அமைப்பு இல்லை!

கே: பட்டன் அழுத்தியும் கப்பல் தாமதமாக நகர்கிறது. கன்ட்ரோலர் கெட்டுவிட்டதா?

ப: முதலில் டிவியைச் சந்தேகியுங்கள். கேம் மோடை (தாமதத்தைக் குறைக்கும் டிவி அமைப்பு) இயக்குங்கள், மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு) அணையுங்கள். பல டிவிகளில் இது ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. துளைக்கும் தனித்தனி. ஒரு ஃப்ரேம் (திரையில் வரும் ஒரு படம்) சுமார் 16.7 மில்லி செகண்ட். நாலைந்து ஃப்ரேம் தாமதித்தாலே குண்டு தலையில் விழும்.

கே: கேலகாவில் இரட்டைக் கப்பல் (இரண்டு கப்பல் ஒட்டிச் சேர்ந்து சுடுவது) எனக்குக் கிடைப்பதே இல்லை. எங்கே தவறு?

ப: பெரும்பாலும் அவசரம்தான். கையிருப்பில் குறைந்தது ஒரு கப்பலாவது இருக்கும்போதே பாஸ் (மேல் வரிசையில் நிற்கும் பெரிய எதிரி) கப்பலைப் பிடிக்க வீசும் ஒளிக்கற்றைக்குள் போங்கள். இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது. பிடிபட்ட கப்பல் சிவப்பாகி பாஸுடன் ஒட்டிக்கொள்ளும். பாஸ் வரிசையில் நிற்கும்போது அதைக் கொன்றால் கப்பல் அப்போது உங்களுக்குத் திரும்பாது. இரண்டும் சேர்ந்து பாய்ந்து வரும்போதே பாஸை அடிக்க வேண்டும், அப்போதுதான் கப்பல் மீண்டு உங்கள் கப்பலோடு சேரும். பாஸை வீழ்த்த இரண்டு அடி தேவை. வரிசையில் நிற்கையிலேயே ஓர் அடி கொடுத்துவைத்தால், அது நிறம் மாறி, பாயும்போது ஒரே குண்டில் விழும். சிவப்புக் கப்பலின் மேல் குண்டு பட்டால் அது போய்விடும்.

இன்னொன்று: ஒற்றைக் கப்பலுக்குத் திரையில் ஒரே நேரம் 2 குண்டுகள்தான். தூரத்திலிருந்து சுட்டுத் தவறினால், அவை மேலே போய் மறையும்வரை கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கிட்டத்தில் சுடுங்கள். இரட்டைக் கப்பல் கையில் இருந்தால், 40 எதிரிகள் வரும் சேலஞ்சிங் ஸ்டேஜ் என்ற போனஸ் கட்டத்தில் அத்தனையையும் வீழ்த்தி 10,000 புள்ளி வாங்குவது எளிதாகும்.

கே: ரீவைண்ட் போடுவது (ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டித் திரும்ப ஆடுவது) ஏமாற்றா?

ப: பயிற்சிக்கென்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் செத்த நொடியை அழித்துக்கொண்டே போனால் கிரேடியஸ் என்ற ஷூட்டிங் ஆட்டம் ஒருநாளும் கைவராது. அதில் உயிர் போனால் சேர்த்த ஆயுதம் அத்தனையும் போய், வெறுங்கப்பலோடு பின்னாலிருந்து தொடங்க வேண்டும். அந்த இடத்திலேயே சேவ் செய்து, முதல் கேப்சூலை (எதிரி விட்டுச்செல்லும் சக்திப் பொருள்) கப்பலின் வேகத்தைக் கூட்டும் ஸ்பீட் அப்புக்குச் செலவிட்டு, மீண்டெழுவதை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்கள். குண்டு மூக்குக்கு நேரே வரும்போது சேவ் செய்து, இருக்கும் ஒரே நல்ல சேவ் பதிவை அழித்துவிடாதீர்கள்.